பூரணி எழுந்திருக்காத வரை

1.

இந்தக் கதை டாக்டர் சொன்ன ஒரு வேலையிலிருந்து பிறந்தது. போன மாதம் வேலூர் ஆஸ்பத்திரியில் என் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பிடட்டும். பட்டினி கிடந்தா மறுபடி அள்ளித் தின்னத் தோணும். சாப்பிட்டதும் தனியா விடாதீங்க. பயம் தணியற வரைக்கும் கூட உட்காந்து பேசுங்க."

எனக்குக் கோவையாகப் பேச வராது. முதியோர் கல்வியில் கற்ற எழுத்து மட்டும் இருக்கிறது. அதனால் மகள் சாப்பிட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத எழுத வாசித்துக் காட்டுகிறேன். (நாளெல்லாம் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் ஊறிய விரல், பேனா நழுவுகிறது.)

2.

முதல் தொடக்கம்: 'ஆம்பூரில் பூரணி என்று ஒரு பெண்—'

"பூரணி யாரு நைனா?"

"நீ இல்லம்மா. கதையில வர்றவ."

"அவளுக்கும் உன் மூக்கா? பாவம்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'பூரணி ஒரு தின்னிப் பண்டாரம். பானையைக் காலி செய்துவிட்டு—'

இதையும் அடித்தேன். அடித்தது தெரியட்டும். வீட்டில் நாங்கள் அப்படித்தான் ஏசினோம். டாக்டர்தான் இது கொழுப்பல்ல, நோய் என்றார். உடம்பு பெருத்துவிடும் என்ற பயம், தின்றதையெல்லாம் வெளியே தள்ளச் சொல்லுமாம்.

3.

எனக்குத் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை. குளித்தாலும் நாற்றம் போகாது. அதனால்தான் பிள்ளை வாந்தி எடுக்கிறாள் என்று நானும் என் மனைவி தனகோடியும் நம்பினோம். சாப்பாட்டு வேளையில் நான் தட்டோடு தெருவுக்குப் போனேன். தனகோடி ஊதுவத்தி கொளுத்திவைத்துவிட்டு என் பின்னால் வந்தாள். உள்ளே மகள் தனியாகச் சாப்பிட்டாள். நோய்க்கு அது வசதியாகப் போயிற்று.

[இங்கே அப்பன் அழுவதாக எழுதியிருந்தேன். மகள் எடுக்கச் சொன்னாள்.]

"உன் நாத்தம் இல்ல நைனா. அது வந்தா நீ வந்துட்டன்னு தெரியும். அவ்ளோதான்."

4.

முடிவு ஒன்று: பூரணிக்குக் குணமாகிவிட்டது. (டாக்டரோ, நாளாகும், நடுவில் சறுக்கும், சறுக்கினால் திட்டாதீர்கள் என்றார்.)

முடிவு இரண்டு: ஒருநாள் பூரணி— எழுத மாட்டேன்.

இப்போதுதான் சாப்பிட்டு முடித்தாள். கால் ஆடுகிறது. வாந்தி எடுக்க ஓடும் பின்கதவையே பார்க்கிறாள்.

"அப்புறம் பூரணி இன்னா பண்ணா?"

எனக்கு எதுவும் தோன்றவில்லை. முற்றுப்புள்ளி வைத்தால் எழுந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. வாசிக்கிறவரே, நீங்கள் யாராயிருந்தாலும் சரி, ஒரு வரி கொடுங்கள். பூரணி கதவைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள், பிறகு