கட்டம் தாண்டிய வால்

பஞ்சாயத்து ஆபீஸில் சிசிலி மேடம் மை டப்பாவைத் திறந்து சாந்தம்மாள் பக்கம் நகர்த்தினார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் என்று கேட்டவுடனே, கைநாட்டுதான் என்று மேடம் முடிவுகட்டியிருக்க வேண்டும். மகள் முருகேஸ்வரியின் கல்யாணப் பதிவுக்குச் சாந்தம்மாள் முதல் சாட்சி, நான் இரண்டாவது. குமுளியில் இருபத்திரண்டு வருஷமாக மனுவும் கடிதமும் எழுதிக் கொடுப்பவன் நான்.

"மை வேணாம் மேடம். பேனா குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பளத்துக்கு முப்பது வருஷம் பெருவிரல் வைத்தவள். நிச்சயத்தன்று கம்பத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு எம்.காம்., ஆத்தா கைநாட்டா?" என்று சிரித்தது பந்தி முழுக்கக் கேட்டது. அந்த அத்தை இப்போதும் பின்பெஞ்சிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

சாந்தம்மாள் குனிந்தாள். 'சா'விலிருந்து தொடங்கவில்லை. கடைசி 'ள்'ளின் வால் நுனியிலிருந்து தொடங்கினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கல்யாணப் பத்திரிகையின் வாசகம் நான் எழுதியது. டி.டி.பி. கடை ஷிஜி அதைக் கையெழுத்துப் போலிருக்கும் ஓர் எழுத்துருவில் அடித்திருந்தாள். கொடிகொடியாகச் சுழலும், ஏறும்போது மெலிந்து இறங்கும்போது தடிக்கும் எழுத்து. பெயருக்கு அடியில் முழு நீளத்துக்கும் ஓடி, சுருண்டு நிற்கும் வால்.

"வாசிக்க முடியணுமேம்மா," என்றேன்.

"கல்யாணக் கார்டு வாசிக்கவா அண்ணாச்சி? பார்க்கானல்லே!" என்றாள் ஷிஜி.

ஒவ்வொரு பெயராக விரல் வைத்துச் சரிபார்த்தேன். "இதுவா எம்பேரு?" என்று பக்கத்திலிருந்து கேட்ட சாந்தம்மாள், "இத மட்டும் ஒரு தாள்ல பெருசா எடுத்துக் குடு புள்ள," என்றாள். சட்டம் போட்டு மாட்டத்தான் என்று நினைத்தேன்.

அந்தத் தாளைப் பார்த்து வரைந்து வரைந்து பழகியிருக்கிறாள். இப்போது வால் பின்னோக்கி ஏறி 'ள்' ஆனது. பிறகு 'மா', 'ம்'. தடித்த இடங்களில் இரண்டு கரையையும் கோடாக இழுத்து, நடுவை மையால் நிரப்பினாள். நமக்குத் தடிப்பு பேனாவின் வேலை. அவளுக்கு அதுவும் எழுத்துதான். புள்ளிகள் ஏலவிதை போல உருண்டு உட்கார்ந்தன. பின்னால் வரிசை முனகியது.

"இது ஒப்போ, படமோ?" என்றார் மேடம், கையெழுத்தைக் காட்டி.

"ஒப்புதான் மேடம். கொழுந்துன்னா வெரசாப் பறிச்சிருவேன். இதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."

'சா'வை முடித்துப் பேனாவை எடுத்தபோது அத்தை எழுந்து வந்து மேசைமேல் குனிந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். மேடம் மை டப்பாவை மூடினார்.

"இன்னும் ரெண்டு காப்பி இருக்கு, சேச்சி."

"போடுறேன். அண்ணன் இதுல போடட்டும்."

தாள் என் பக்கம் திரும்பியது. ஆயிரக்கணக்கான மனுக்களின் அடியில் நான் புழு நெளிவதுபோல் கிறுக்கிய கையெழுத்து நினைவுக்கு வந்தது. அவளுடைய வால் தன் கட்டத்தைத் தாண்டி, எனக்கான கட்டத்தின் பாதி வரை இறங்கிச் சுருண்டிருந்தது. அதன்மேல் படாமல் எங்கே போடுவது என்று பேனாவைத் தாளில் வைக்காமல் மேலேயே பிடித்திருந்தேன். தடித்த இடத்தில் மை இன்னும் காயாமல் மின்னிக்கொண்டிருந்தது.