தண்டுகளை அறுத்த பின்

ஜப்பானின் யமகதா மலைகளில் இந்த வருஷம் பனிப்பொழிவு முன்கூட்டியே வரும் என்று வானொலியில் சொன்னதும் சாயோவுக்குக் கை பரபரத்தது. கொல்லைத் தோட்டத்தில் இறங்கினாள். காய்ந்துபோன கத்தரி, தக்காளி, பூச்செடி என்று எதையும் விடாமல் அரிவாளால் தரையோடு அறுத்துக் குவித்தாள். அவள் புருஷன் கென்சாகு மண்வெட்டியோடு வந்து பார்த்தபோது தோட்டம் மொட்டையாகக் கிடந்தது; சமைத்துச் சாப்பிடும் நீள வேருக்காக வேலியோரம் போட்டிருந்த கோபோவின் தண்டுகள்கூட மிஞ்சவில்லை.

"ஏண்டி, கோபோ தண்டையும் அறுத்துட்டியா? வேரைத் தோண்டுற வரைக்கும் விட்டுவைன்னு சொன்னேனா இல்லையா?"

"எப்பக் கேட்டாலும் நாளைக்கு நாளைக்குன்னா? பனி உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?"

"இப்ப எதைப் பாத்துத் தோண்டுறது?"

"வேலியோரமாத்தானே போட்டோம். கண்ணைக் கட்டிவிட்டாக்கூடத் தோண்டலாம்!"

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். கோபம் வந்தால் அப்படித்தான், திறக்க நாளாகும். வேலியோரம் தோண்டி ஒரு கூடை வேர்களைக் கொண்டுவந்து சமையலறை வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

சாயோ வேர்களைச் சீவி, தீக்குச்சி போல நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, சோயா சாஸும் மிளகாயும் சேர்த்தாள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் தோமே முந்தின நாள்தான் காக்கி என்கிற ஆரஞ்சு நிறப் பழம் கொடுத்திருந்தாள். அவளுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. பல் பிடுங்கியிருந்ததால் சாயோ வெறும் கஞ்சி குடித்தாள். கென்சாகு பேசாமலே தட்டைக் காலி செய்தார்.

பிற்பகலில் அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. சற்று நேரத்தில் ஆளைக் காணோம். சாயோ தோட்டத்துக்கு ஓடினாள். அங்கே நின்றுகொண்டு அவர், இல்லாத ஒரு மரத்தைச் சுற்றி, இல்லாத கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் இந்த முனையைப் பிடிங்க" என்றார், முன்பின் தெரியாதவளிடம் பேசுகிற மரியாதையோடு.

"என்னங்க, நான் சாயோ!"

"சாயோ உள்ள இருக்கா. அவகிட்டச் சொல்லிடாதீங்க. அந்த வேர்ல கோபோ வாசனையே இல்ல. தோண்டும்போதே தெரிஞ்சுது. சொன்னா மறுபடியும் சண்டை வரும். அதான் பேசாமக் கொண்டுபோய் வச்சுட்டேன்."

சாயோவின் பார்வை வேலிப்பக்கம் போனது. போன வருஷம் வெள்ளைப் பூவுக்கு ஆசைப்பட்டுக் கோபோவுக்குப் பக்கத்திலேயே அவள் நட்டிருந்தது ஊமத்தை. அதன் வேரும் பார்வைக்குக் கோபோ மாதிரிதான் இருக்கும்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தோமே வீட்டுக்கு ஓடினாள். தோமே சமையலறைத் தரையில் எழமுடியாமல் கிடந்து, காற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிண்ணம் காலியாக இருந்தது.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். கென்சாகு சீக்கிரமே வீடு திரும்பினார். தோமேவுக்குத்தான் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சுகாதார அதிகாரிகள் வந்து மீதி வேர்களைத் தோண்டி எடுத்துப் போனார்கள். அறிவிப்பில் பேர் போடவில்லை, ஆனால் ஊரில் தெரியாதவர்கள் இல்லை.

சாயோ ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலருகே தரையில் நெற்றி பட வணங்கினாள்.

"எழுந்திரு. நீ வேணும்னா செஞ்ச?" என்றாள் தோமே. முகம் மட்டும் இளகவில்லை. "ஆனா வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் தண்டை அறுத்தியாமே. உன் வீட்டுக்காரர் சொல்லாத ஆள் இல்லையாம்."

அவர் தோட்டத்தில் சொன்னது சாயோவுக்கு நினைவு வந்தது. புத்தி பேதலித்துக் கிடந்தவர் சொன்னதை எப்படிச் சாட்சி ஆக்குவது? அவருக்கே அது நினைவில்லாமல் இருக்கலாம்.

அவள் வீடு திரும்பியபோது கென்சாகு பிளம் மரக்கிளைகள் பனியில் முறியாமல் இருக்கக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அன்னைக்குத் தோண்டும்போது வாசனை வந்துச்சா?"

"மயக்கத்துல உளறினதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவியா?"

"நீங்க உளறினதை நான் யார்கிட்டயும் சொல்லலையே. உங்ககிட்டகூடச் சொல்லலையே."

அவர் கை முடிச்சில் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாம் ஞாபகம் இருக்கு, இல்ல?"

"லேசா" என்றார், முடிச்சை இறுக்கிக்கொண்டே.

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. நீங்க போங்க. போய் உங்க வாயால சொல்லுங்க."

மறுநாள் காலை அவர் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். திரும்பி வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

சாயோ அவர் பக்கத்தில் உட்காரவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.