காஞ்சது, மெத்தை, மூக்குவெள்ளை

அந்த பேக்கரியில் போய் ரஸ்க் என்று கேட்டால் நீங்கள் வெளியாள் என்று உடனே தெரிந்துவிடும். தெருக்காரர்கள் "காஞ்சது" என்றுதான் கேட்பார்கள். ரொட்டிக்கு அங்கே மெத்தை என்று பெயர். கிரீம் பன்னைக் கடித்தால் மூக்கில் அப்பிக்கொள்ளுமா இல்லையா, அதனால் அது மூக்குவெள்ளை. டை கட்டிய ஆபீசர்கள்கூட வந்து நின்று, ரெண்டு மூக்குவெள்ளை என்று கூச்சமில்லாமல் கேட்டு வாங்கிப்போவார்கள்.

இந்தப் பெயர்களை எல்லாம் வைத்தவள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்கா. குறும்புக்கு வைத்தாள் என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. குறும்பாவது மண்ணாவது. அவளுக்கு 'ர' வராது. நாக்கு என்ன குட்டிக்கரணம் போட்டாலும் 'ல' என்றுதான் விழும். சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அவளை நடுவில் நிறுத்தி, ரயிலுக்கு டாட்டா சொல்லு என்பான். "லயிலு" என்று அவள் சொன்னதும் வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அதனால் அப்பாவின் அந்தக் கடையில் கல்லாவுக்கு வந்த அன்றே முடிவெடுத்தாள். நாள் முழுக்க வாய்விட்டுச் சொல்லவேண்டிய பெயர்களில் அந்த எழுத்தே இருக்கக்கூடாது. மற்றப் பேச்சையும் சுருக்கிக்கொண்டாள். ஒரு தலையாட்டல், ஒரு விரல், மிஞ்சிப்போனால் ஒரு "ம்". திமிர்பிடித்தவள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்தச் சிரிப்புக்கு இது எவ்வளவோ தேவலை என்று இருந்துவிட்டாள். பெயர்கள் வந்த காரணம் அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரியும்.

வியாபாரம் சூடுபிடித்து அண்ணன் புதுக் கடை திறந்தான். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் பலகை. பலகையில் காஞ்சது, மெத்தை, மூக்குவெள்ளை என்று முழ நீள எழுத்துகள். அந்தப் பேருக்காகவே ஜனம் வரும் என்றான். ஆனால் கல்லாவில் உட்காரப்போவது அவனுடைய மச்சினி.

"அவளுக்குப் பேச்சு சுத்தம். நாலு பெரிய மனுஷங்க வந்துபோற இடம் பாரு. நீ உள்ள பேக்கிங் பாத்துக்க."

இத்தனை வருஷம் கல்லாவைக் கட்டிக் காத்தவளுக்கு இனி பின்கட்டு அறை. சரி என்றுகூடச் சொல்லவில்லை, அந்தச் சொல்லிலும் அந்தப் பாழாய்ப்போன எழுத்து இருந்தது.

திறப்பு நாளன்று ஒரு பெண் போனும் மைக்குமாக வீடியோ எடுக்க வந்தாள். அக்கா உள்ளே அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேரெல்லாம் யார் வச்சது என்று அந்தப் பெண் கேட்பது கேட்டது. எங்க அப்பாதான், அவருக்குத் தமாஷ் ஜாஸ்தி என்று அண்ணன் கூசாமல் சொல்வதும் கேட்டது. பாவம் அப்பா, ஆயுசில் ஒரு தமாஷ் சொன்னதில்லை.

ரயில் சிரிப்பைப் பொறுத்தாள், பின்கட்டைப் பொறுத்தாள். இதைப் பொறுக்க முடியவில்லை. அவமானத்தை மட்டும் அவளுக்கு விட்டுவிட்டு, அதில் பிறந்த பெயரை அவன் தூக்கிக்கொண்டு போவதா? கையிலிருந்த பெட்டியை வீசிவிட்டு வெளியே வந்தாள்.

"அப்பா வைக்கல. நான் வச்சேன்."

உள்ளே போ என்று அண்ணன் கண்ணைக் காட்டினான். அந்தப் பெண் மைக்கைத் திருப்பி, ஏன் இப்படி வைத்தீர்கள் என்று கேட்டாள். வழக்கம்போல் "ம்" என்று தப்பித்திருக்கலாம். அக்கா வாயைத் திறந்தாள்.

"எனக்கு லஸ்க்குன்னுதான் வலும். லொட்டி, கிலீம் பன்னு. எல்லாலும் சிலிப்பாங்கன்னு பயந்து பேல மாத்தினேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அது அடங்கும்வரை அவள் அசையாமல் நின்றாள்.

"சிலிச்சாச்சா?" என்று கேட்டாள்.

அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிடும்மா என்று அண்ணன் வீடியோக்காரியிடம் மெதுவாகச் சொன்னான். அது அக்கா காதிலும் விழுந்தது.

"வெட்டு. அப்படியே அந்தப் பலகையையும் கழட்டு. உனக்கு என் நாக்கு வேணாம், அதுல பொலந்த பேலு மட்டும் வேணுமா?"

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பலகையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். மச்சினி தானாகவே எழுந்து ஸ்டூலைவிட்டு ஒதுங்கினாள். அக்கா போய் அதில் உட்கார்ந்து, புடவையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

முதல் ஆள் வந்து நின்றார். எந்தப் பெயரைச் சொல்வது என்று புரியாமல் விழித்து, கடைசியில் இரண்டு விரலைக் காட்டி, அலமாரியில் இருந்ததைச் சுட்டினார்.

அக்கா உள்ளே திரும்பி, தெருக்கோடிவரை கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"லஸ்க்கு லெண்டு!"