தூளியில் தொங்கிய கார் ஸ்பிரிங்

குப்பனூர் சாலையில் கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம், மஞ்சக்குட்டையில் மெக்கானிக் ஹாரிஸின் வீட்டுத் தூளியும் இறங்கியது. முதல் தடவை பார்த்தபோது அவன் மனைவி ருக்சானா அலறிவிட்டாள். மாட்டியவளும் அவள்தான், யாரை நோவது? கடையில் வாங்கிய தூளி ஸ்பிரிங் அறுந்துபோகவே, மூலையில் கிடந்த கார் ஸ்பிரிங்கை விட்டத்தில் மாட்டிச் சேலையைக் கட்டி, கைக்குழந்தை ஆசியாவைப் படுக்கவைத்தாள். எஸ்டேட் முதலாளி தனபால் அந்தக் காலத்துக் கார்கள் இரண்டை வாங்கி, மலைப் பாதைக்கு எது தேவலை என்று ஹாரிஸைப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஒன்றில் ஸ்பிரிங் சக்கரத்தை ஒட்டிய இரும்புத் தூணுக்குள் நட்டுக்க நிற்கும். சக்கரம் அதிலேயே ஏறி இறங்கும். மற்றதில் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். இரண்டிலும் முன்பக்கத்தில் தளர்ந்த ஒரு ஸ்பிரிங்கை மாற்றி, பழையதை ஹாரிஸ் வீட்டில் போட்டிருந்தான். ஒவ்வொன்றின் ஜோடியும் அந்தந்தக் காரிலேயே இருந்தது.

"ஏம்புள்ள, இது அமுங்குற ஸ்பிரிங்கு. கொழந்தை கனத்துக்கு அசையவே அசையாது" என்றான் ஹாரிஸ், ஆடும் தூளியைப் பார்த்தபடி. காரைத் தனபால் ஓட்டிப் போயிருந்தார்.

"ஆடுதுங்களே" என்றாள் ருக்சானா.

தூண் காரின் ஸ்பிரிங்கை மாட்டினால் தூளி நெட்டுக்குத்தாகக் குதித்தது. ஆசியா குடித்த பாலையெல்லாம் கக்கினாள். இரும்புக் கை வைத்த காரின் ஸ்பிரிங்கில் லேசாகச் சாய்ந்து ஆடியது, அசந்து தூங்கினாள். ஹாரிஸ் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு மகள் பதில் சொல்லிவிட்டாள். தனபால் தூண் காரை விற்றார். அதன்பின் ஆசியா சிணுங்கினால், ஹாரிஸ் மிஞ்சிய காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வருவான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம் அப்படித்தான் போயிருந்தான். ருக்சானா குழந்தைக்குத் துணி மாற்ற வெளியே எடுத்தாள். வெறும் தூளி சட்டென்று சரிந்து தரையை நோக்கி இறங்கியது. நிற்கவேயில்லை. யா அல்லா, அவருக்கு என்னவோ ஆகிவிட்டது! குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, சேலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். ஒரு காரின் கனம் கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டாள்.

பொழுது சாய ஹாரிஸ் சேறும் சகதியுமாக நடந்தே வந்தான்.

"வளைவுல மண்ணு சரிஞ்சிருச்சு. அந்த வழியா வந்த ஜீப்புக்காரங்கதான் என்னய வெளிய இழுத்தாங்க. காரு அந்தரத்துல நிக்குது புள்ள, கீழ ஒண்ணுமே இல்ல."

"தெரியுமுங்க. ஜன்னல்ல கட்டியிருக்கேன்."

மறுநாள் கிரேன் வந்து காரைத் தூக்கிச் சாலையில் வைத்தபிறகே முடிச்சை அவிழ்த்தாள். அதுவரை ஆசியா பாயில் தூங்கினாள்.