வராத எச்சரிக்கை

காற்று சட்டென்று வலுத்து, ஜன்னல் படபடவென்று அடித்தது. நந்தினி போனை எடுத்துப் பார்த்தாள். விடிகாலையிலேயே ஒரு செய்தி வந்திருந்தது. 'பலத்த காற்று. இன்று கடலுக்குப் போக வேண்டாம்.'

வானிலைத் தகவலை வாங்கி, மீனவர்களின் போன்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜாப், அதாவது தானாக ஓடும் கணினி நிரல், அனுப்பிய செய்தி அது. தோணிரேவு மீனவக் கிராமத்தில் வீட்டிலிருந்தே, தன் அலுவலகத்துக்காக அவள்தான் அந்த ஜாபைக் கவனித்துக்கொண்டாள். முந்தின நாள்தான் அதைப் புது சர்வருக்கு மாற்றியிருந்தாள்.

நந்தினி வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு அம்மணி, கொடியில் பறந்த துணிகளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காத்து மெசேஜ் வந்துச்சா?"

"இல்லியேம்மா, இன்னா மெசேஜ்? அவரு கடலுக்குப் போய்ட்டாரே!"

நந்தினி உள்ளே ஓடி லேப்டாப்பைத் திறந்தாள். ஜாப் சரியாக முடிந்ததாகப் பச்சை விளக்கு காட்டியது. ஆனால் யாருக்கு அனுப்புவது என்பது ஜாபுக்குள் இல்லை. அந்த எண்களின் பட்டியலைச் சர்வரில் 'என்விரான்மென்ட் வேரியபிள்' என்ற அமைப்பு மதிப்பாகத் தனியே வைக்க வேண்டும். புது சர்வரில் அவள் வைக்கவில்லை. மதிப்பு கிடைக்காத ஜாப், சோதனைக்காக எழுதியிருந்த எண்ணுக்கு மட்டும் செய்தியை அனுப்பியிருந்தது. அது அவளுடைய எண்.

மதிப்பைப் போட்டு மறுபடி ஓட்டினாள். தெருவெங்கும் போன்கள் ஒலித்தன. கடலுக்குள் போனவர்களுக்கோ டவர் கிடைக்காது.

மத்தியானம் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அம்மணியின் புருஷன் நாகப்பனின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் அவரையும் கூடப் போன கருப்பனையும் தூக்கிக் கரை சேர்த்தார்கள். கருப்பனுக்குச் சிராய்ப்புதான். நாகப்பனுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மணிக்குப் பாதிதான் புரிந்தது.

"அப்போ மெசேஜ் வந்திருக்கணுமா?"

"ஆமாக்கா. நான்தான் அதை வைக்காம விட்டுட்டேன்."

"போனை எடுத்துப் பாத்தாரும்மா. ஒண்ணும் வரலே, போலாம்னு சொல்லிட்டுதான் கெளம்புனாரு."

அம்மணி எழுந்து வார்டுக்குள் போய்விட்டாள்.

நந்தினி அங்கேயே லேப்டாப்பை மடியில் வைத்து ஜாபைத் திருத்தினாள். இனி அந்த மதிப்பு இல்லையென்றால் ஜாப் ஓடாது. உடனே நின்று, அலுவலகத்தில் எல்லோருக்கும் பிழை என்று அறிவிக்கும். திருத்தி முடித்து லேப்டாப்பை மூடினாள். நாகப்பன் கண் விழித்ததும் அவரிடமும் சொல்லவேண்டும் என்று வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாள்.