அண்ணி அறுத்த குழாய்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, திருடினேன். திருடிய இடம் என் அண்ணியின் மெக்கானிக் ஷெட். அப்பாவின் அறுபது வருடத்துப் பிக்கப் வண்டிக்கு அடியில் அண்ணி படுத்துக் கிடந்த நாட்களில், நான் ஸ்டூல் போட்டு வேடிக்கை பார்த்தேன். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். கொடுக்கவில்லை.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

ஷெட்டில் இருள் கவிந்திருந்தது. தூரத்தில் ஏதோ—

காலை பத்து மணிக்கு எந்த இருள் கவியும்? அடித்துவிட்டேன். அடுத்தது:

வெல்டிங் தீப்பொறிகள் பூக்களாய் அவள் கையில்—

இது அண்ணி காதில் விழுந்தால் என் மானம் போகும். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட், அந்தக் காலத்துச் சில வண்டிகளில் தடித்த இரும்புக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். இப்போதைய வண்டிகளில் வெளியே தெரியும். அப்பாவின் வண்டியில் பின் அச்சின் பல்சக்கரங்கள் பழைய மெதுவான சாலைக்கானவை; நெடுஞ்சாலையில் ஏறினால் வேகம் வராமல் இன்ஜின் அலறும், பின்னால் வருகிறவர்கள் ஹாரனாலேயே திட்டுவார்கள்.

"பின் அச்சுல பல்சக்கரம் இருக்கற ஹவுசிங்கையே மாத்தணும் மாமா," என்றார் அண்ணி அப்பாவிடம். " புதுசோட இந்தக் குழாய் சேராது. அறுத்துட்டு வெளி ஷாஃப்ட் போடணும்."

"அறுத்துட்டு ஓடலைன்னா?"

"ஓடும்."

"ஓடலைன்னா இந்த வீட்டு வண்டி எதையும் இனிமே நீ தொடக்கூடாது."

[அப்பா கொடுமைக்காரர் அல்ல. அந்த வண்டி அவருக்கு எங்களுக்கெல்லாம் மூத்த பிள்ளை, அவ்வளவுதான்.]

3

அண்ணி குழாயை அறுத்தார். புது ஹவுசிங்கைப் பொருத்தினார். ஷாஃப்டுக்கு அளவெடுத்து லேத்காரரிடம் கொடுத்தார். வந்ததை மாட்டி, ஜாக்கியை இறக்கினார். வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்ததும் ஷாஃப்ட் முன்னால் நகர்ந்து கியர்பாக்ஸில் முட்டி நின்றது. இரண்டு விரற்கடை நீளம் அதிகம். அப்படியே ஓட்டியிருந்தால் முதல் பள்ளத்திலேயே கியர்பாக்ஸ் காலி.

இங்கே என் கதாநாயகியைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். 'லேத்காரர் தப்பாக வெட்டிவிட்டார்' என்று எழுதி, அண்ணியிடமே படிக்கக் கொடுத்தேன்.

"தம்பி, இது யாரு பண்ணின தப்பு?"

"கதைக்காக அண்ணி..."

"நான் குடுத்த அளவுக்கு அவர் நூல் பிசகாம வெட்டினாரு. வண்டியை ஜாக்கியில தூக்கி, சக்கரம் தொங்கும்போது அளந்தது நான். தொங்கினா தூரம் கூடுதலாக் காட்டும், தரையில நிக்கவச்சுல்ல அளக்கணும்? குழாய் வண்டியே பார்த்துப் பழகின கை. அதுல ஷாஃப்ட் நீளம் மாறவே மாறாது, எப்படி வச்சு அளந்தாலும் ஒண்ணுதான்."

"படிக்கிறவங்க உங்களைத் தப்பா நினைப்பாங்களே."

"நினைக்கட்டும். அன்னைக்கே மாமாகிட்ட போய் 'என் தப்பு, ரெண்டு நாள் குடுங்க'ன்னு கேட்டேன். தப்பை எடுத்துட்டா நான் எதைச் சரி பண்ணினேன்?"

இவரைப் பற்றி எழுதுகிறேன் என்பதில் அப்போது வந்த பெருமை இன்னும் இறங்கவில்லை.

[லேத்காரரே, மன்னிக்கவும். உங்களை இரண்டு பக்கத்துக்குத் திட்டி வைத்திருந்தேன்.]

4

தரையில் நிற்கவைத்து மறுபடி அளந்து, ஷாஃப்டைக் குறுக்கி மாட்டினார். அப்பா தனியாகவே நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போனார். அண்ணி ஷெட் வாசலில் ஒரே துணியால் ஒரே கையை ஒரு மணி நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிவு ஒன்று: அப்பா கண் கலங்கி, "நீ மருமக இல்லம்மா, மக" என்று—

என் அப்பா அப்படிப் பேசினால் நாங்கள் டாக்டரைத்தான் கூப்பிடுவோம்.

முடிவு இரண்டு: வண்டி வழியில் நின்று—

பொய். வண்டி சத்தமே இல்லாமல் திரும்பி வந்தது.

அப்பா இறங்கி, அண்ணியைத் தாண்டி நேராக எதிர்வீட்டுக்குப் போனார். எதிர்வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு தெருவில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் விரல் நீட்டினார்.

"குனிஞ்சு பாருங்க. முன்னெல்லாம் குழாய்க்குள்ள என்ன இருக்குன்னே தெரியாது. இப்ப பாருங்க, எல்லாம் வெட்டவெளிச்சம். முதல்ல அளவு தப்பிடுச்சு. அவளே கண்டுபிடிச்சா, அவளே வந்து சொன்னா, அவளே சரி பண்ணிட்டா. எங்க மருமக!"

பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். உள்ளே அண்ணியிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இருவரும் சொல்வதாக இல்லை. அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உதவிக்கு ஒரு தகவல் மட்டும் தருகிறேன்: மறுநாள் காலை எங்கள் வீட்டு வண்டிகள் அத்தனையும் அந்த ஷெட் வாசலில் வரிசையாக நின்றன. ஒன்றில்கூட ஒரு கோளாறும் இல்லை.