எங்கள் வேலைப்பாடுகள்

…பத்து நிமிடமாம். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள்கூடப் பத்து நிமிடத்தில் சொந்தமாக வெப்சைட் செய்துவிடலாம் என்று பல்லெல்லாம் தெரியச் சொல்கிறான் இந்த வீடியோக்காரன், அவனுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவான், காலையில் உட்கார்ந்தவள் நான், வெயில் ஜன்னலைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது, இன்னும் முதல் பக்கத்தில் ஒரு சோபாவின் படமும் அதன் மேல் 'உங்கள் தலைப்பு இங்கே' என்ற எழுத்தும்தான் இருக்கின்றன, அந்த சோபாகூட என்னுடையது இல்லை, அவர்களே போட்டு வைத்தது, பஞ்சு ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது, இதைப் போய் மாதிரிக்கு வைப்பார்களா யாராவது? அறையின் நடுவில் துணி உரித்த நாற்காலி ஒன்று நிற்கிறது, அதன் கைப்பிடியில் தடவிய பசை காய்வதற்குள் இந்த வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். பழைய நாற்காலி, சோபாவைப் பிரித்து ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு வைத்து, புதுத் துணி போர்த்திக் கொடுப்பது என் தொழில், அதை ஒழுங்காகச் செய்தால் போதும் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன், போதாதாம். பல் ஆஸ்பத்திரி மேனேஜரம்மா நேற்று வந்தார், நோயாளிகள் காத்திருக்கும் அறையின் நாற்காலிகள் அத்தனையும் மாற்ற வேண்டுமாம், இங்கே இருந்ததையெல்லாம் தொட்டுப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், "எனக்குப் பிடிச்சிருக்குங்க, ஆனா டாக்டர் வெப்சைட் பாக்காம எதுக்கும் தலையாட்ட மாட்டார், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள லிங்க் அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்காலி கண்ணெதிரே இருக்கிறது, செய்தவள் கண்ணெதிரே இருக்கிறாள், லிங்க் இருந்தால்தான் நம்புவார்களாம். இவ்வளவு பெரிய வேலை எனக்கு வந்ததே இல்லை, அதனால் வாயை மூடிக்கொண்டு சரிங்க என்றேன்.

வீடியோக்காரன் முதலில் கம்ப்யூட்டரை மூடச் சொன்னான், காகிதம் எடுக்கச் சொன்னான், அது வரைக்கும் அவன் மேல் எனக்கு மரியாதைதான், நானும் அளவெடுத்து வரைந்து பார்க்காமல் துணியில் கத்திரி வைக்கிறவள் இல்லை. உங்கள் தளத்துக்கு வருபவர் யார், வந்து என்ன செய்ய வேண்டும், கட்டம் போட்டு எழுதினேன். வருபவர் டாக்டர், வந்து தலையாட்ட வேண்டும். அதற்குப் பிறகு கேட்டான் ஒரு கேள்வி, உங்கள் வேலையின் சிறப்பை இரண்டே வரியில் சொல்லுங்கள் என்று… அங்கே மாட்டிக்கொண்டேன். தரமான வேலை, நியாயமான விலை என்று எழுதினேன், அடித்தேன், கோணலாக ஆணி அடிக்கிறவனும் அதைத்தான் போர்டில் எழுதி வைத்திருக்கிறான். நம்பிக்கை, நாணயம்… நகைக்கடையா நடத்துகிறேன்? என் வேலையில் என்ன சிறப்பு என்று நானே எப்படிச் சொல்வது, நாலு பேர் சொல்லிக் கேட்டிருந்தால் அதையாவது எழுதலாம், வருகிறவர்கள் "நல்லா இருக்கு" என்பார்கள், "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்பார்கள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சரி, எழுத்து வரவில்லையென்றால் கவலை வேண்டாம், உங்கள் தொழிலில் இருக்கும் மற்றவர்களின் தளங்களைப் பார்த்து வாருங்கள் என்றான் அவன், கவலை வேண்டாம் என்பதை எத்தனை தடவைதான் சொல்வான், அவன் சொல்லச் சொல்லத்தான் எனக்குக் கவலையே வருகிறது. தேடினேன். முதலில் வந்தவன் சோபா கம்பெனி, அடுத்தவன் மெத்தைக் கடை, அதற்குக் கீழே… என் பச்சை நாற்காலி.

என்னுடையதுதான். என் கையால் பிரித்து என் கையால் தைத்தது எனக்குத் தெரியாதா, பின்னால் என் வீட்டுச் சுவர், அந்தச் சுவரில் தண்ணீர் இறங்கிய கறை. மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் வேலைப்பாடுகள்'. யாருடைய தளம் என்று பார்த்தால், அக்காவினுடையது, கூடப் பிறந்தவள், வேறு ஊரில் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் வாங்கி விற்கிறவள், அறுந்த பட்டனைத் தைக்கக்கூட அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவள், அவளுடைய வேலைப்பாடாம்! கீழே இழுக்க இழுக்க வருகிறது, கோடு போட்ட துணி போர்த்திய சாய்வு நாற்காலி, வட்ட முக்காலி, வக்கீல் வீட்டு சோபா, எல்லாம் என்னுடையது. ஒரு படத்தில் பீரோக் கண்ணாடியில் நான் தெரிகிறேன், அல்ல, தெரிந்தேன், என்னை ஓரமாக வெட்டியிருக்கிறாள், முழங்கை மட்டும் மிச்சம் இருக்கிறது. என் முழங்கையை வைத்துக்கொண்டு என்னை வெட்டி எறிந்திருக்கிறாள். எங்கிருந்து கிடைத்தன இந்தப் படங்கள் அவளுக்கு? நான்தானே கொடுத்தேன், ஒவ்வொரு நாற்காலியும் முடிந்ததும் சின்னப் பிள்ளை பரீட்சைத் தாளைக் காட்டுகிற மாதிரி குடும்ப குரூப்பில் போடுவேன், மாமா "சூப்பர்" என்பார், சித்தி பூங்கொத்து அனுப்புவாள், அக்கா ஒரு கட்டைவிரல் போடுவாள். ஒரு வார்த்தை கிடையாது. கட்டைவிரல். நான் அந்த விரலைப் பார்த்துச் சரி, கடையில் வேலையாக இருப்பாள் என்று சமாதானம் செய்துகொள்வேன், வேலையாகத்தான் இருந்திருக்கிறாள்.

நான் கத்திய கத்தலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையில் நுரையோடு வந்தார். பார்த்தார். "உங்க அக்காதானே, வெளியாளா என்ன?" வெளியாளாக இருந்தால் இந்நேரம் வெளுத்து வாங்கியிருக்க மாட்டேனா? "குரூப்ல நீதானே போட்ட" என்றார் அடுத்ததாக, இவர் யார் பக்கம் என்று எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து சந்தேகம். போட்டேன், பார்க்கப் போட்டேன், எடுத்துக்கொள்ளவா போட்டேன்? "சரி, நீயும் அதே படத்தைப் போட்டுக்கோ, யாரு கேக்கப் போறா?" டாக்டர் கேட்பார்! லிங்க் பார்க்காமல் தலையாட்டாதவர் இன்னும் நாலு லிங்க் தேடிப் பார்க்க மாட்டாரா, அங்கேயும் பச்சை நாற்காலி, இங்கேயும் பச்சை நாற்காலி, பெரிய கடை அவளுடையது, யாரைத் திருடி என்பார்? என் வேலைக்கு நான் திருட்டுப் பட்டம் வாங்க வேண்டுமா? நுரை தரையில் சொட்டியது, அவர் அதைத் துடைத்துவிட்டுப் போனார், அந்த மட்டும் நல்ல மனிதர்.

போன் போட்டேன். "சொல்லுடி, கடையில ஆள் இருக்கு" என்றாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. உன் வெப்சைட்டைப் பார்த்தேன் என்றேன். "பாத்தியா? நல்லா இருக்கா? நானே செஞ்சதுடி, ஒரு வீடியோ பாத்து, பத்து நிமிஷம்கூட ஆகல." எனக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தப் படமெல்லாம் யாருடையது என்றேன். "உன்னுதுதான். வேற யாரோடதைப் போடச் சொல்ற? ஆர்டர் வந்தா உனக்குத்தானே அனுப்பப் போறேன்." இதுவரைக்கும் ஒன்றாவது அனுப்பினாயா? "வந்தாத்தானே அனுப்ப." நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள். என் பேர் எங்கேடி இருக்கிறது அதில் என்று கத்தினேன், அக்காவை டி போட்டுப் பேசியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அதற்கு அவள், "முழுசாப் பாத்தியா, படத்தை மட்டும் பாத்தியா?" என்றாள். என்னத்தை முழுசாகப் பார்ப்பது, இப்போதே எடு, எல்லாவற்றையும் எடு, ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றேன். "சரி, எடுத்துடறேன், ஒரு பட்டன்தானே. அதுக்கு ஏன் இப்படிக் கத்துற?" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது, இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றும் இருந்தது.

எடுத்தாளா பார்ப்போம் என்றுதான் மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போனேன், இன்னும் இருந்தது, அப்போதுதான் படங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதோ இருப்பது கண்ணில் பட்டது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தேன். கோடு போட்ட நாற்காலிக்குக் கீழே, 'உட்காரும் இடத்தில் தொடங்கும் கோடு முதுகு வரை ஒரு நூல்கூட விலகாமல் போகிறது. இதற்கு எத்தனை தடவை பிரித்துத் தைத்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்' என்று எழுதியிருந்தாள். பிரித்தேன். நாலு தடவை பிரித்தேன், யாருக்கும் சொன்னதில்லை, வாங்கிப் போனவருக்கே தெரியாது. முக்காலிக்குக் கீழே, 'மூலையில் மடிப்பு எங்கே என்று தேடுங்கள், கிடைக்காது' என்று இருந்தது. அந்த மூலைக்காக ஒரு முழு மத்தியானம் போனது எனக்கு. இவளுக்கு எப்படித் தெரியும், ஊசி பிடிக்கத் தெரியாதவளுக்கு, போனில் வந்த படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்திருந்தால் இது தெரியும்? காலையிலிருந்து இரண்டு வரிக்காக முட்டிக்கொள்கிறேன் நான், அவள் எழுதி வைத்திருக்கிறாள். முழங்கை இருந்த படத்துக்குக் கீழே 'இதைச் செய்த கை' என்று ஆரம்பித்து மூன்று புள்ளி வைத்து, 'மேலும் படிக்க' என்று நீல எழுத்தில் இருந்தது. அழுத்தினேன். வட்டம் சுற்றியது, நீங்கள் தேடும் பக்கம் இல்லை என்று வந்தது. திரும்பிப் போனால் மற்றதும் இல்லை, பச்சை நாற்காலி இல்லை, கோடு இல்லை, வெறும் தலைப்பும் வெள்ளையும்.

அவள் சொன்னபடி செய்துவிட்டாள், நான் கேட்டபடிதான் செய்தாள், குறை சொல்ல இடமே வைக்கவில்லை. போனில் மெசேஜ் வந்தது, "எடுத்தாச்சு, இப்ப திருப்தியா?" அவளேதான். என் படங்களைத் திருடிப் போட்டதற்குக்கூட இல்லை இப்போது என் கோபம், ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதி வைத்தவளுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல என்ன வந்தது, ஒரே வார்த்தை, இத்தனை வருஷத்தில்? இதைச் செய்த கை… யாருடையது என்று எழுதியிருப்பாளா, இல்லை விலைப்பட்டியல்தான் இருந்ததா? அந்தக் கடைசிப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தே என்று தட்டினேன், அழித்தேன், மறுபடியும் தட்டினேன்… இதையுமா நானே கேட்டு வாங்க வேண்டும்?